சராசரி உயர்ந்த சனிக்கிழமை

என் கணவர் சார்போங் இறந்ததில் எங்கள் வட்டாரத்துக் கானாக்காரர்களின் சராசரி வருமானம் உயர்ந்தது. அதைச் சொல்வதற்காகவே ஒப்பீட்டு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். துக்கத்துக்குக் கொண்டுவந்த பூ என்று நினைத்து வாங்கித் தண்ணீரில் வைத்தேன். நடுவில் செருகியிருந்த அட்டையில் வாழ்த்துகள் என்று எழுதியிருந்தது.

அந்த அலுவலகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கு லண்டனில் எங்கள் நகராட்சி அதைத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. கானாவிலிருந்து வந்தவர்களும் ஆசியாவிலிருந்து வந்தவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இங்கே வந்து இறங்கினார்கள். ஒரே குளிரில் நடுங்கினார்கள். அப்படியிருக்க ஒருவர் வீடு வாங்கியதும் இன்னொருவர் வாடகையிலேயே கிழடானதும் எப்படி? இதைக் கண்டுபிடிப்பதுதான் அலுவலகத்தின் வேலை. கண்டுபிடித்துத் தரும்படி எங்களில் யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத வேலைக்குத்தான் கண்ணாடிக் கட்டடம் கிடைக்கிறது.

ஒவ்வொரு கானா வீட்டுக்கும் ஓர் ஆசிய வீட்டை இணை என்று பொருத்தினார்கள். எங்களுக்கு இணையாக வந்தவர் எதிர்வீட்டு ஹன்சாபென். கணவரை இழந்தவர். மகன் மருந்துக்கடை வைத்திருந்தான். பொருத்தம் சொல்ல வந்த அதிகாரியின் பெயர் கிளாரிஸ். இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, கழுத்துப் பட்டையில் தொங்கிய அடையாள அட்டையைத் தடவியபடி பேசினாள்.

ஹன்சாபென் கேட்டார். "நான் கென்யாவுல கிசுமுல பொறந்தவ. எங்கப்பாவும் அங்கதான் பொறந்தாரு. ஆசியாவ நான் அட்லஸ்லதான் பாத்திருக்கேன். நான் எப்படிம்மா ஆசியா?"

"நீங்க எங்க பொறந்தீங்கங்கிறது உங்க சொந்த விஷயம் மேடம். உங்க விளைவுகள் ஆசியாவைச் சேர்ந்தது."

ஹன்சாபென் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா கொனாடு? என் மகன் கடை வச்சது ஆசியாவாம். என் மூட்டுவலி மட்டும் என்னுதாம்."

அதன்பிறகு கிளாரிஸ் விதியைச் சொன்னாள். இணைகள் கலக்கக் கூடாது. பேச்சு, உணவு, உதவி எதுவும் கூடாது. கலந்துவிட்டால் யாருடைய முன்னேற்றம் யாருடையது என்று தெரியாமல் போய்விடும். சொல்லிக்கொண்டே என் சமையலறைக்குள் வந்து குளிர்பெட்டியைத் திறந்தாள்.

"இது என்ன?"

"தேப்லா. வெந்தயக்கீரை போட்ட ரொட்டி."

"கானா உணவா?"

"இல்ல. எதிர்வீட்டுல குடுப்பாங்க. நான் மீன் போடாம நிலக்கடலைக் குழம்பு வச்சுக் குடுப்பேன்."

"எவ்வளவு காலமா சாப்பிடறீங்க?" குடிகாரனிடம் மருத்துவர் கேட்பது போலக் கேட்டாள்.

"எதிர் எதிரே குடி வந்ததுலேர்ந்து."

அவள் பெட்டியை மெதுவாக மூடினாள். "அப்ப உங்க முன்னேற்றத்துல எவ்வளவு உங்களோடது, எவ்வளவு ரொட்டியோடதுன்னு நாங்க எப்படிப் பிரிக்கிறது?"

எனக்கு முன்னேற்றம் இருந்தது என்பதையே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அதிலிருந்து நானும் ஹன்சாபென்னும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினோம். தேப்லா மட்டும் நிற்கவில்லை. படி திரும்பும் இடத்து ஜன்னல் விளிம்பில் துணி மூடிய தட்டு வரும். சார்போங் எடுத்துவருவார். அவருக்கு அலுவலகத்திடம் பயமே இல்லை. அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பவர் அவர்தான். ஓர் ஒப்பந்தக்காரர் மூலம் கிடைத்த வேலை.

"அவங்க குப்பைத்தொட்டிய நான்தான் கொட்டறேன்," என்பார், ரொட்டியைக் குழம்பில் நனைத்துக்கொண்டே. "நம்ம வாழ்க்கை முழுக்க அதுலதான் கெடக்கு."

ஒரு நாள் காலை வேலை முடிந்து வந்தவர் அதே ஜன்னலருகே விழுந்தார். முதலில் பார்த்தவர் ஹன்சாபென். மூட்டுவலியோடு படியில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்திருந்தார். நான் அப்போது முதியோர் இல்லத்தில் யாரோ ஒருவருடைய அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது ஹன்சாபென்னின் அழுகை கீழ்த்தளம் வரை கேட்டது. நான் படியேறிப் போய் சார்போங்கின் முகத்தைப் பார்த்தேன். பிறகு, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேனா என்று பார்க்க வீட்டுக்குள் போனேன்.

அணைத்துத்தான் இருந்தது. ஆனாலும் வெகுநேரம் அதன் முன்னால் நின்றேன்.

அன்றிலிருந்து எனக்குக் கைகளில் உணர்வு இல்லை. சோப்பு வழுக்குவது தெரியும், சூடு தெரியாது. முதியோர் இல்லத்தில் குளிக்கும் நீரைக் கையால் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். அழுகை எங்கோ கிளம்பியிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல அதற்குக் காத்திருந்தேன். வேறு எண்களெல்லாம் வந்தன.

எங்கள் ஆட்களுக்குச் சாவு என்றால் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் ஹால். நாலு பேர் வந்து கைகொடுக்காத சாவை யாரும் சாவென்று நம்பமாட்டார்கள். குமாசியிலிருந்து வோஃபா கிளம்பிவிட்டார். வோஃபா என்றால் தாய்மாமன். சார்போங்கின் அம்மாவுடைய தம்பி. உயிரோடு இருந்தவரை சார்போங் எனக்கு. இறந்தபின் அவர் தாய்வழிக்காரர்களுக்கு. அந்த வரிசையில் தலைக்கட்டு வோஃபாதான். கிழவர் இத்தனை தூரம் பறந்து வந்து நடைபாதையிலா நிற்பார்? எங்கள் குடியிருப்புக்கு ஒரே ஒரு ஹால்தான். அதன் சாவி இப்போது ஒப்பீட்டு அலுவலகத்திடம். எந்தச் சமூகத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அவர்கள்தான் அளந்து கொடுத்தார்கள்.

சாவி கேட்கப் போனேன். வாசலில் மஞ்சள் பலகை, தரை ஈரம் கவனம் என்று. தரையில் ஈரம் இல்லை. காய்ந்த சேறு இருந்தது.

"பாத்து வாங்க," என்றாள் கிளாரிஸ். "எங்க க்ளீனர் சொல்லாம கொள்ளாம நின்னுட்டாரு. புகார் குடுத்திருக்கோம்."

"அவர்தான் என் வீட்டுக்காரர். அவருக்குத்தான் ஹால் கேக்க வந்திருக்கேன்."

கிளாரிஸின் முகம் சிவந்தது. நல்ல பெண்தான். "அப்ப புகார வாபஸ் வாங்கச் சொல்றேன்," என்றாள்.

நான் நன்றி சொன்னேன்.

ஹாலை எவ்வளவு நேரத்துக்கு வேண்டும் என்று கேட்டாள். காலையிலிருந்து இருட்டும்வரை என்றேன். எதற்கு அவ்வளவு நேரம் என்றாள், திரையில் ஒரு படிவத்தைத் திறந்துகொண்டே.

"வர்றவங்க கை குடுக்கணும். அழணும். சாப்பிடணும். ஆடணும்."

"ஆடணுமா?"

"ஆமா."

"அப்ப இது துக்கமா, பொழுதுபோக்கா? ரெண்டுல ஒண்ணத்தான் அழுத்த முடியும்."

"ரெண்டும்தான்."

"அப்படி ஒரு கட்டம் இல்லைங்க." அவள் வேறு பக்கத்தைப் புரட்டினாள். "உங்க இணையோட வீட்டுக்காரர் இறந்தப்ப தகனம் முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிருக்கு. ஆசியர்கள் சாவுலேர்ந்து ரொம்பச் சீக்கிரம் மீண்டுடறாங்க. இத நீங்க கத்துக்கலாம்."

ஹன்சாபென்னின் வீட்டு வாசலில் இன்னமும் ஓர் ஆண் செருப்பு இருக்கிறது. வாரம் ஒரு முறை அதைத் துடைத்து, உள்ளே நுழைபவர் கழற்றிய மாதிரி திருப்பி வைப்பார். அதை நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கட்டம் தேடுவாள்.

"இது கடைசிக் கேள்வி. ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள உங்க துக்கம் எவ்வளவு?"

நான் உண்மையாகவே தேடிப் பார்த்தேன். இருட்டில் சுவரைத் தடவி விளக்குப் பொத்தானைத் தேடுவது போல. சுவர் மட்டும்தான் கைக்கு வந்தது.

"ஒண்ணும் தெரியல," என்றேன்.

"பூஜ்யமா?" அவள் குரல் தணிந்தது. "உங்க இணை ஒன்பது சொல்லியிருக்காங்க. உங்க வீட்டுக்காரருக்கு." திரையை என் பக்கம் திருப்பினாள். பச்சைத் தூண் ஒன்று உயரமாக நின்றது. பக்கத்தில் பழுப்புத் தூண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. "துக்கத்துலயும் ஆசியாதான் முன்னால இருக்கு. ஆனா நீங்க வருத்தப்படாதீங்க. பூஜ்யத்த மனஉறுதின்னு மாத்திப் போட்டுக்கலாம். அதுல நீங்க எங்கயோ போயிடுவீங்க."

ஹால் கிடைக்குமா என்று கேட்டேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

மேலே இருந்தவர்தான் பூங்கொத்தோடு வந்தார். இயக்குநர் ஃபெதர்ஸ்டன். பின்னால் கிளாரிஸ். அவர் உட்கார்ந்தது சார்போங்கின் நாற்காலியில்.

"ரெண்டு கோடு," என்று இரண்டு விரல்களைக் காற்றில் நீட்டினார். "ஒண்ணு ஆசியா, மேல. ஒண்ணு கானா, கீழ. நான் வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து இது ரெண்டும் தொட்டுக்கிட்டதே இல்ல. போன வாரம் கடந்துடுச்சும்மா! கானா மேல வந்துடுச்சு. இதுல உங்க குடும்பத்தோட பங்கு ரொம்பப் பெருசு."

"நாங்க என்ன செஞ்சோம்?"

"உங்க வீட்டுக்காரர் சராசரிக்குக் கீழ சம்பாதிச்சாரு. இப்ப அவர் கணக்குல இல்ல. சராசரி மேல ஏறிடுச்சு. அதே சமயத்துல உங்க இணையோட மகன் டொரன்டோவுக்குக் குடிபோயிட்டான். ஆசியா சரிஞ்சுது. ஒரே படிக்கட்டுல, எதிரும் புதிருமா ரெண்டு வீடு. இப்படி ஒரு இணை எந்த ஆராய்ச்சியாளனுக்கும் வாழ்நாள்ல ஒரு தடவைதான் கிடைக்கும்."

"அவருக்குச் சம்பளம் குடுத்தது நீங்கதானே?"

"ஒப்பந்தக்காரர்," என்று பொறுமையாகத் திருத்தினார். "நாங்க அளக்க மட்டும்தான் செய்வோம்."

கோபம் வர வேண்டிய இடம் அது. எனக்குத் தெரிந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன், வரவில்லை. ஹால் கிடைக்குமா என்று மட்டும் மறுபடி கேட்டேன்.

கோடு கடந்ததற்கு அலுவலகம் ஒரு விழா எடுக்கிறது. அதே ஹாலில், அதே சனிக்கிழமை. இயக்குநர் சற்று யோசித்துவிட்டு, இரண்டையும் சேர்த்தே நடத்திவிடலாம் என்றார். ஆட்களும் அதே ஆட்கள்தான், சாப்பாடும் ஆட்டமும் எப்படியும் இருக்கின்றன. "நாற்காலிகள ரெண்டு தடவை போட வேண்டியதில்ல பாருங்க. சிக்கனம்."

வோஃபா வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, "இந்தக் குளிர்ல செத்தவன வைக்க ஐஸ் பெட்டி எதுக்கு மகளே, தெருவுல வச்சாலே போதுமே," என்றார். சொல்லிவிட்டு அழுதார். நான் அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

சனிக்கிழமை அலுவலகக்காரர்கள் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் நேரத்துக்கு வரமாட்டார்கள். இந்த ஒன்றால்தான் எல்லாம் நடந்தது.

ஹாலின் முன்பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி ஒரு வரிசை நாற்காலி போட்டிருந்தோம். துக்கத்துக்கு உரியவர்கள் உட்காரும் வரிசை. பின்னால் சுவரில் சார்போங்கின் பெரிய படம். கூட்டத்தைப் பார்க்கும் நாற்காலி என்றால் அது மேடை என்றுதான் அதிகாரிகளுக்குத் தெரியும். ஃபெதர்ஸ்டன் நடுவில், கிளாரிஸ் ஓரத்தில், மற்றவர்கள் இடையில் என்று வரிசை முழுவதும் நிறைந்துவிட்டது. எல்லோருக்கும் கருப்பு உடுப்பு, விழாவுக்காகத் தோளில் சிவப்புப் பட்டை. எங்கள் ஊரில் சிவப்பும் கருப்பும் மிக நெருங்கிய சொந்தத்தின் துக்க நிறம்.

சிவப்புக் கரை போட்ட கருந்துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு வோஃபா உள்ளே வந்தார். வரிசையைப் பார்த்து நின்றார்.

"யாரு மகளே அவங்க?"

"ஆபீஸ்காரங்க, வோஃபா."

"சார்போங்குக்கு என்ன வேணும்?"

"அவங்க தரையத்தான் அவர் தொடச்சாரு."

வோஃபா தடியை ஊன்றி யோசித்தார். "அப்ப அவங்களுக்கும் இழப்புதான். இனிமே யாரு தொடைப்பா? உக்காரட்டும். துக்கத்துல உக்காந்தவன எழுப்பினா பாவம்."

அவரே தொடங்கி வைத்தார். எங்கள் வழக்கத்தில், வருபவர்கள் வலது கோடியிலிருந்து ஆரம்பித்து, உட்கார்ந்திருக்கும் ஒருவரையும் விடாமல் கைகுலுக்கிக்கொண்டே இடது கோடிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கைக்கும் "டுவே" என்று சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள் என்று அர்த்தம். வோஃபாவின் பின்னால் குடும்பம் நின்றது, குடும்பத்தின் பின்னால் சர்ச், சர்ச்சின் பின்னால் பேருந்து ஓட்டுபவர்கள், செவிலியர்கள், சந்தையில் கருவாடு விற்கும் பெண்கள். எல்லோரும் கலங்கிய கண்ணோடு நகராட்சி அதிகாரிகளுக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒரு பெரியம்மா கிளாரிஸின் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு விம்மினார்.

ஃபெதர்ஸ்டனின் முகம் மலர்ந்துகொண்டே போனது. "எவ்வளவு நன்றியுள்ள சமூகம்! டுவேன்னா என்ன?"

"பொறுத்துக்கோன்னு சொல்றாங்க சார்," என்றாள் கிளாரிஸ், பெரியம்மாவின் மார்பிலிருந்து.

"பொறுமை! நாமளும் இதத்தானே இத்தனை வருஷமா அவங்ககிட்ட சொல்லிட்டு வர்றோம்!"

அவர் எழுந்து பேசினார். தலைக்கு மேலே சார்போங் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அன்பர்களே, முன்னேற்றம் எளிதில் வருவதில்லை. தனிமனிதர்கள் வருவார்கள், போவார்கள். போகிறவர்களின் பங்களிப்பை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு சமூகம் உயர வேண்டுமானால் கீழே இருப்பவர்கள் மேலே வரலாம். அல்லது கீழே இல்லாமல் போகலாம். இரண்டாவது வழி விரைவானது, நகராட்சிக்குச் செலவில்லாதது. இதே ஒத்துழைப்பு தொடர்ந்தால் அடுத்த ஆண்டு நாம் ஆசியாவை எட்டாத தூரத்தில் விட்டுவிடலாம்!"

கருவாட்டுக்காரப் பெண்களில் ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். பேச்சு முடியும்போது ஒப்பாரி எடுப்பது எங்கள் மரியாதை. அவர் தலைதாழ்த்தி ஏற்றுக்கொண்டார்.

எனக்கு உட்கார இடம் இல்லை. நின்றிருந்த என்னைக் கூட்டம் மெல்லத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் சேர்த்துவிட்டது. நானும் வலது கோடியிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு கையாகப் பிடித்தேன். எந்தக் கையும் கையாகத் தெரியவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து இறங்குவது போலத்தான் இருந்தது. நடுவில் வந்ததும் ஃபெதர்ஸ்டனிடம் "டுவே" என்றேன். என் கணவரின் சாவுக்கு நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

"நன்றிம்மா," என்றார். "எல்லாம் உங்களுக்காகத்தான்."

இணை வீட்டுக்காரர்களுக்கு ஹாலின் தொலைவான மூலையில் தனி நாற்காலிகள் போட்டிருந்தார்கள், கலந்துவிடாமல் இருக்க. அங்கிருந்து ஹன்சாபென் எழுந்தார். வெள்ளைப் புடவை கட்டியிருந்தார்.

வோஃபாவின் நெற்றி சுருங்கியது. எங்களுக்கு வெள்ளை வெற்றியின் நிறம். "வெள்ளை கட்டிட்டு வந்திருக்காளே, இவ எதுல ஜெயிச்சா?"

"அவங்களுக்கு இதுதான் துக்கம், வோஃபா. இவங்க மடியிலதான் அவர் தலை இருந்துது."

ஹன்சாபென்னுக்கு எங்கள் வரிசை முறை தெரியாது. இடது கோடியிலிருந்து, வருபவர்களுக்கு எதிராக முட்டிக்கொண்டு வந்தார். "அந்தப் பக்கம் போங்க ஆன்ட்டி, அந்தப் பக்கம்!" என்று ஆளாளுக்குக் கை காட்டினார்கள். செவிலியர் ஒருத்தி தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். மறுபடி திரும்பி வந்தார். அதிகாரிகளின் நீட்டிய கைகளை ஒன்று விடாமல் கடந்தார். நேராக என்னிடம் வந்து, இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கொனாடு, கை இப்படி ஜில்லுன்னு கெடக்கு?"

அன்று முழுவதும் என்னைத் தேடி வந்த முதல் கை அது. மூட்டுகள் புடைத்த கை. வெந்தயக்கீரை வாசம். சூடாக இருந்தது. அந்தச் சூடு தெரிந்தது.

கிளாரிஸ் எழுந்து ஓடிவந்தாள். "மேடம், தொடக் கூடாது! இணைகள் தொட்டுக்கிட்டா ரெண்டு வீட்டையும், அவங்களால வந்த ஏத்த இறக்கத்தையும் ஆரம்பத்துலேர்ந்தே கணக்குலேர்ந்து எடுத்துடணும். விதி அதுதான்."

"எடும்மா," என்றார் ஹன்சாபென். கையை விடவில்லை.

கிளாரிஸ் ஹன்சாபென்னின் விரல்களைப் பார்த்தாள். பிறகு கையில் வைத்திருந்த திரையில் எதையோ தட்டினாள். ஃபெதர்ஸ்டன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஆரம்பத்திலிருந்தே நாங்கள் இல்லை என்றால், சார்போங்கும் ஆரம்பத்திலிருந்தே இல்லை. இல்லாதவர் இறக்க முடியாது. இறக்காதவரால் சராசரி ஏறாது. ஹன்சாபென்னின் மகனும் டொரன்டோ போகவில்லை. கானா கீழே இறங்கியது, ஆசியா மேலே ஏறியது. இரண்டு கோடுகளும் பழைய இடத்துக்குப் போய் நின்றுகொண்டன.

"போச்சு," என்றார் ஃபெதர்ஸ்டன். முகம் வெளுத்து, வாய் கோணி, எதிரே இருப்பது எதுவும் தெரியாதவரைப் போல நின்றார். அப்போதுதான் உள்ளே வந்த ஒரு பேருந்து ஓட்டுநர் வலது கோடியிலிருந்து ஒவ்வொரு கையாக வந்து, அவர் கையையும் அழுத்திப் பிடித்து, "டுவே," என்றார். அன்று அந்தச் சொல் முதல்முறையாக உரிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

விழா ரத்தானதால் அதிகாரிகள் கிளம்பினார்கள். கிளாரிஸ் கடைசியாகப் போனாள். போகும்போது சார்போங்கின் படத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்த முகம்தானே என்று யோசிக்கிறவளைப் போல இருந்தது.

வரிசை காலியானது. வோஃபா ஒரு நாற்காலியைத் தன் துணியின் ஓரத்தால் துடைத்தார்.

"உக்காரு மகளே. வெள்ளைக்காரியும் உக்காரட்டும்," என்றார் ஹன்சாபென்னின் புடவையைக் காட்டி.

உட்கார்ந்தேன். பக்கத்தில் ஹன்சாபென் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். ஏற்கெனவே கைகொடுத்து முடித்துச் சாப்பாட்டுப் பக்கம் போயிருந்தவர்களை வோஃபா தடியைத் தட்டித் திரும்பக் கூப்பிட்டார். முணுமுணுத்துக்கொண்டே வந்து மறுபடியும் வலது கோடியில் நின்றார்கள்.

முதலில் வந்தவர் பேருந்து ஓட்டுநர். என் கையைப் பிடித்து, "டுவே," என்றார். முரட்டுக் கை. அழுத்திப் பிடித்தார்.

வலித்தது.